மூன்றாம் நாளின் கடைசி வரி

சிவகாசிப் பகுதியில் செய்தியாளராக இருப்பவர்களுக்கு வெடிவிபத்துச் செய்தி மூன்று நாள் வேலை. முதல் நாள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. இரண்டாம் நாள் யார் வந்து ஆறுதல் சொன்னார்கள், யார் கைதானார்கள் என்பது. மூன்றாம் நாள் உள்பக்கத்தில் பத்து வரி. அதன் கடைசி வரி காயமடைந்தவர்களைப் பற்றியது. நான்காம் நாள் வேறு செய்தி வந்துவிடும். வராவிட்டாலும் டெஸ்க்கில் இருப்பவர்கள் இதைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். பெரிய பெரிய செய்திகளைக் கேட்பீர்கள் என்று தெரியும். நான் ஒரு மூன்றாம் நாளின் கடைசி வரியைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஆறே சொற்கள். ‘சிகிச்சை பெற்றுவந்த மூவரும் குணமடைந்து வீடு திரும்பினர்.’

இப்போது நீங்கள் செல்போனிலேயே செய்தி அனுப்பிவிடுகிறீர்கள். ஓய்வுபெறும்வரை எனக்கு ஓர் அறை இருந்தது. ஓர் அச்சகத்தின் மாடியில், பைண்டிங் செக்‌ஷனுக்கு நேர் மேலே. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்களுக்கு ஒரு மர பெஞ்சு. ஆடி தொடங்கிவிட்டால் கீழே காலண்டர் வேலை. முருகனும் மெக்காவும் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இயேசுவும் ஒரே மெஷினில் அடுத்தடுத்து வருவார்கள். கட்டிங் மெஷின் இறங்கும்போது என் மேசை லேசாக அதிரும்.

செய்தியோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சிறு பத்தி. இயேசு சொன்ன உவமைக் கதைகளில் ஒன்றை எடுத்து, அதற்கு நம் ஊரில் ஓர் இடம் கண்டுபிடித்து எழுத வேண்டும். எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன் என்பதால் என்னிடம் வந்த வேலை அது. விதைக்கிறவன் கதைக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலம் கிடைத்தது. மணலில் வீடு கட்டியவன் கதைக்குக் கண்மாய்க்குள் பிளாட் வாங்கியவர்கள் கிடைத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிவிட்ட கதையை ஆமத்தூர் விலக்கில் நடந்த ஒரு பைக் விபத்தோடு சேர்த்து எழுதினேன். கண்டும் காணாமல் போன இருவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு போதகர் கோபித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தைப் பல நாள் வைத்திருந்தேன். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, மகன் ஓசூரில். வாரத்தில் யாரோடாவது உட்கார்ந்து பேசிய மாதிரி இருந்தது அந்தப் பத்தியை எழுதும்போதுதான்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், மூன்று பேருக்குக் காயம். மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காயம்பட்ட இரண்டு பேரைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கையில் கட்டு, ஒருவருக்குக் காதோரம் மருந்து. என் கண்ணால் பார்த்தேன். வாசலில் இருந்தவரிடம் மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டிருக்கலாம். அன்று பஸ் நிலையத்தில் குடிநீர் கேட்டு மறியல். நாலு மணிக்குள் படத்தோடு அனுப்ப வேண்டும். இரண்டு பேரைப் பார்த்துவிட்டு மூவரும் என்று எழுதினேன். மூன்றாவது ஆளை முந்தின நாள் மாலையே மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் மூன்று மணிக்கு ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா படியேறி வந்தார். கால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுகிறவர் என்று தெரிந்தது.

“பேப்பர்ல எழுதுறது நீங்கதானா சார்?”

“ஆமாம்மா. உட்காருங்க.”

உட்காரவில்லை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு செய்தித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதுல என்ன போட்டிருக்கீகன்னு படிங்க.”

படித்தேன்.

“கடேசில?”

கடைசி வரியையும் படித்தேன்.

“மூணு பேருன்னா என் மகளும் சேத்தியா?”

“பேரு என்னம்மா?”

“மாரீஸ்வரி.”

“சேர்த்திதான்.”

“அவ வரல சார்” என்றார். அதன் பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் பெயர் குருவம்மா. வெம்பக்கோட்டைப் பக்கம் மழை பார்த்து விதைக்கிற ஊர். கணவர் இறந்ததும் மகளோடு விஸ்வநத்தத்தில் ஒரு லைன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகளுக்கு இருபத்திரண்டு வயது, தையில் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். மதுரையில் பத்தொன்பதாம் நாள் இறந்திருக்கிறாள். உடம்பைத் துணியால் மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லை என்று அங்கேயே எரித்துவிட்டார்கள். குருவம்மாவோடு கூட இருந்தது அவர் கொழுந்தன் ஒருவர்தான். மறுநாளே அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். தெருவில் யாரும் மாரீஸ்வரியின் உடலைப் பார்க்கவில்லை. ஆனால் தெரு முழுக்க என் செய்தியைப் படித்திருந்தது.

“மதுரைக்குப் போனவ வீட்டுக்கு வந்துட்டான்னு பேப்பர்லயே போட்டிருக்கே, அப்ப எந்த வீட்டுக்குப் போனான்னு கேக்காக சார். சிரிச்சுக்கிட்டே கேக்காக. மாப்பிள்ளை வீட்டுல என்னன்னா, அவ எவன் கூடயோ போயிட்டா, ஆத்தாக்காரி செத்துட்டான்னு கதை கட்டுதாங்காக. காரியத்துக்கு நாலு பேரு வரல.”

“டெத் சர்டிபிகேட் இருக்கும்லம்மா?”

“இருக்கு. பொட்டிக்குள்ள இருக்கு. பொட்டிக்குள்ள எவன் வந்து படிக்கான்? பேப்பரு டீக்கடையில கிடக்கு.”

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் படி இறங்கியதும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். “ஆமா சார், அந்தப் பொண்ணு மதுரையில போயிருச்சு. கேஸ்ல அப்பவே சேத்தாச்சே. ஒங்களுக்குத் தெரியாதா?” என்று ரைட்டர் கேட்டார். நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தலைமை அலுவலகத்தில் அப்போதிருந்த செய்தி ஆசிரியர் கெட்டிக்காரர். ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது பொய் என்று சொல்லிவிடுவார். அவரிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“எப்ப வந்த நியூஸ்?”

“இரண்டரை மாசம்.”

“ஏன்யா, மூணு நாளைக்கு முந்தினதுக்கே நாம போடுறதில்ல. இதைப் போட்டா நாளைக்கு வரிசையில நிப்பான். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் குடுக்கச் சொல்லு. போட்டோவோட நல்லா இருக்கும்.”

விளம்பரத்தை நானே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதைச் சொன்னபோது குருவம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “காசு குடுத்துப் போட்டா, காசு குடுத்துப் போட்டுருக்காம்பாக சார். வந்துட்டான்னு நீங்க சும்மாதான எழுதுனீக? வரலன்னும் சும்மா எழுதுங்க.”

“நாளைக்கு வாங்க” என்றேன். எனக்குத் தெரிந்த மற்ற எல்லா அலுவலகங்களிலும் சொல்கிற அதே சொல்.

அவர் வந்தார். தினமும் மூன்று மணிக்கு. குழாய் சுற்றியதை ஏஜெண்டிடம் போட்டுவிட்டு நேரே வருவார், பெஞ்சில் உட்காருவார், நாலரை பஸ்ஸுக்குக் கிளம்புவார். சண்டை போடவில்லை, அழவில்லை. “சாப்டீகளா சார்?” என்று மட்டும் கேட்பார். நான்கு வருடமாக என்னிடம் அதைக் கேட்க ஆள் இல்லை. நான் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வேன். சில நாள் மகளைப் பற்றிப் பேசுவார். இடது கையால் சாப்பிடுவாள் என்று ஒரு நாள். பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி ஒரு வாரம் ஓட்டுவாள் என்று ஒரு நாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

கீழே பைண்டிங் ஃபோர்மேன், நான் படியேறும்போதெல்லாம் குரல் கொடுப்பார். “என்ன சார், கோர்ட்டு இன்னிக்கும் உண்டா?”

“போய்யா, வேலையைப் பாரு.”

“வாய்தா மேல வாய்தா குடுக்கீகளே சார், அந்தம்மா பாவம்லா. தீர்ப்புச் சொல்லி அனுப்புங்க.”

பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ஏறுவேன்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. ஞாயிறு இணைப்புக்கு ஐந்து மணிக்குள் பத்தி போக வேண்டும். அந்த வாரம் வரிசையில் வந்த கதை, விதவையும் நீதிபதியும். ஓர் ஊரில் ஒரு நீதிபதி. கடவுளுக்கும் பயப்பட மாட்டார், மனிதரையும் மதிக்க மாட்டார். ஒரு விதவை அவரிடம் திரும்பத் திரும்ப வந்து நியாயம் கேட்கிறாள். அவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியில், இவள் தொந்தரவு தாங்கவில்லை என்பதற்காகவே நியாயம் செய்துவிடுகிறார். இந்தக் கதையை எங்கள் சபையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ண வேண்டும் என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் இதற்கு ஓர் இடம் வேண்டுமே என்று தாலுகா ஆபீசைப் போட்டேன், பட்டா கேட்டு அலைகிற ஒரு பெண்ணைப் போட்டேன். பாதி எழுதியாகிவிட்டது.

“என்ன எழுதுறீக சார்?” என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“ஒரு கதைம்மா. எங்க வேதத்துல வர்றது.”

“சொல்லுங்க, கேப்போம். பஸ்ஸுக்கு இன்னும் நேரங் கிடக்கு.”

சொன்னேன். ஒரு விதவை, ஒரு நீதிபதி, அவள் தினமும் வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் மாறிவிட்டது. கீழே கட்டிங் மெஷின் நின்றிருந்த நேரம். ஃபோர்மேனின் கோர்ட்டுக் கேலி ஞாபகம் வந்தது. அத்தனை உவமைகளையும் நான் வெளியே நின்று எழுதியிருக்கிறேன். தாலுகா ஆபீஸ்வரை தேடிப்போன இடம் என் மேசைக்கு இந்தப் பக்கமே இருந்தது.

குருவம்மாவுக்கு அதெல்லாம் தோன்றியதாகத் தெரியவில்லை. கதையைக் கவனமாகக் கேட்டார்.

“நியாயம் கிடைச்சிருச்சாக்கும்?”

“கிடைச்சிருச்சு.”

“வாங்கிட்டு எங்க போனா?”

“வீட்டுக்குப் போயிருப்பா.”

“வீட்டுல யாரு இருந்தா?”

வேதத்தில் அது இல்லை. கதை நீதிபதியோடு முடிந்துவிடுகிறது. “அது எழுதலம்மா” என்றேன்.

“ஆம்பளைக எழுதுனதா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

மணி நாலரையை நெருங்கியிருந்தது. அரை மணி நேரம் இருந்தது. நீங்கள் இந்தத் தொழிலில் முடிவு எடுக்க வேண்டிய நேரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். யாரும் மிரட்ட மாட்டார்கள், பக்கத்தில் ஆள் இருக்காது, ஒரு கடிகாரம் மட்டும் இருக்கும். ஞாயிறு இணைப்பைச் செய்தி ஆசிரியர் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பயன்படுத்துவது சரியா என்றும் யோசித்தேன். சரியில்லைதான். ஒருமுறை செய்தால் அந்தப் பத்தி இருக்காது என்பதும் தெரியும். போதகரின் கடிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

தாலுகா ஆபீசை அழித்தேன். கதையை நாலு வரியில் சொன்னேன். பிறகு இப்படி எழுதினேன்: இந்தக் கதையில் வரும் நீதிபதி நான்தான். விஸ்வநத்தம் வெடிவிபத்தில் காயமடைந்த மூவரும் வீடு திரும்பியதாக இதே பத்திரிகையில் எழுதியது நான். இரண்டு பேரைப் பார்த்துவிட்டு மூன்று பேர் என்று எழுதினேன். மாரீஸ்வரி வீடு திரும்பவில்லை. அவர் பத்தொன்பதாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காயத்தால் இறந்தார். அவருடைய தாய் பன்னிரண்டு நாள் என் அலுவலகத்துக்கு வந்து இதைக் கேட்டார்.

நாலு ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன்.

ஞாயிறு அன்று வெளிவந்தது. திங்கள் காலை செய்தி ஆசிரியர் போன் பண்ணினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“படிச்சேன்யா. ஒரு வார்த்தை எடுக்க முடியாது. இனிமே அந்தப் பத்தி வேண்டாம்.”

“சரி சார்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேன் சார்.”

போனை வைத்துவிட்டார். ஒரு மெமோ வந்தது, அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெறும்வரை அந்தப் பத்தி திரும்ப வரவில்லை. புதன் வியாழன் மாலைகளில் என்ன செய்வது என்று பழக ரொம்ப நாள் பிடித்தது.

அந்தத் திங்கள்கிழமை மூன்று மணிக்குக் குருவம்மா வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லைதான். செவ்வாயும் வரவில்லை. மூன்று மணி ஆனால் படியில் காலடி கேட்கிறதா என்று பார்க்கிறேன் என்பதைப் புதன்கிழமைதான் கவனித்தேன். சாப்டீகளா என்று கேட்க ஆள் இல்லாததால் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. பெஞ்சில் பசைத் தடம் ஒன்று இருந்தது. துடைக்காமல் விட்டிருந்தேன். ஃபோர்மேன்கூடக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். “கேஸு முடிஞ்சு போச்சுல்ல சார்” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நாலரை பஸ்ஸில் நான் விஸ்வநத்தம் போனேன். செய்தி எதற்கும் இல்லாமல் அந்த ஊருக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் யார் என்று பார்க்காமலே, “வெடியில செத்துப்போன பிள்ள வீடா? மூணாவது லைன்ல கடேசி” என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் வேறு மாதிரி வழி சொல்லியிருக்கக்கூடும். கண்ணாடி அலமாரியில் ஞாயிறு இணைப்பில் பாதி, பஜ்ஜி வைக்கக் கிழிபட்டுக் கிடந்தது.

குருவம்மா வாசலில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கைப் பசையைப் பழைய துணியில் துடைத்தார்.

“அட, ஜட்ஜு வீட்டுக்கே வந்துட்டாரா? இது அந்தக் கதையில இல்லையே சார்.”

“இல்லம்மா. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு.”

“வாங்க, உள்ள வாங்க. சாப்டீகளா?”

“இல்ல” என்றேன்.

ஒற்றை அறை. தட்டில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தார். நான் சாப்பிட, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்தப் பையனின் தாய் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டுப் போனாராம். கொஞ்ச நேரம் அழுதாராம். தெருவில் பெண்கள் மறுபடி தண்ணீர் பிடிக்கும்போது பேசுகிறார்களாம். அலமாரியில் பவுடர் டப்பா தலைகீழாக நின்றது.

“எங்கன போட்டிருக்கீகன்னு காட்டுங்க. எல்லாரும் படிச்சுச் சொன்னாக. நீங்க படிச்சா நல்லாருக்கும்.”

ரேஷன் கார்டு உறையைக் கொண்டுவந்தார். ஞாயிறு இணைப்பை நாலாக மடித்து அதில் வைத்திருந்தார். கை கழுவிவிட்டு முழுவதையும் படித்தேன். மாரீஸ்வரி வீடு திரும்பவில்லை என்ற இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு அதை வாங்கி மடித்தார். உறைக்குள் பழைய துண்டும் இருந்தது. மூன்றாம் நாள் செய்தி. ஓரமெல்லாம் நைந்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது.

“இது தப்பா வந்ததும்மா. இனி எதுக்கு? குடுங்க, நான் கிழிச்சுப் போட்டுடுறேன்.”

கையை நீட்டினேன். அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும் சார்” என்றார். “இதுலதான அவ வீட்டுக்கு வந்திருக்கா.”